ஒரு நூறும் பதினேழு பெயர்களும்

விளையாட்டு என்றாலே நம் பேச்சு எண்களில் போய் நிற்கிறது. ஓட்டப் பந்தயம் என்றால் வினாடி, காற்பந்து என்றால் கோல், கிரிக்கெட் என்றால் ஓட்டம். கூடைப்பந்து ரசிகர்களுக்கு அப்படிப்பட்ட ஓர் எண் 100. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஹெர்ஷி என்னும் சிற்றூரில், 1962-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் இரவு, ஃபிலடெல்பியா வாரியர்ஸ் குழுவின் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் எடுத்த புள்ளிகள் அவை. வாரியர்ஸ் 169, நியூயார்க் நிக்ஸ் 147 என்று அந்த ஆட்டம் முடிந்தது. அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக என்பிஏ ஆட்டக்காரர் எவரும் அந்த எண்ணை எட்டாமலேயே காலம் ஓடியது.

இந்த 100-ஐப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிவதைப் பார்க்கிறேன். ஒரு சாரார், இது மனிதனால் ஆகிற காரியமா என்று வியந்து, சேம்பர்லினுக்கு ஈடாக எவரும் இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். மற்றொரு சாரார், எதிரணியில் சரியான ஆளே இல்லை, கடைசியில் எல்லாரும் அவருக்கே பந்தைக் கொடுத்தார்கள், பார்ப்பதற்குப் படம்கூடக் கிடையாது, இதெல்லாம் ஒரு சாதனையா என்று தள்ளிவிடுகிறார்கள். இரு சாராரும் பார்ப்பது ஒரே ஓர் எண்ணைத்தான். அந்த எண் இடம்பெற்றுள்ள கணக்குத் தாளை முழுவதும் படித்தவர்கள் இரு பக்கத்திலும் குறைவு.

பழைய ஆட்டம் ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல விரும்புகிறவர், அந்த ஆட்டத்தின் முழுக் கணக்கையும் வரி வரியாகப் படிக்கக் கடமைப்பட்டவர் என்பது என் கருத்து. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி. ஆட்டக் கணக்குக்கு அது ஒத்துவராது.

கணக்குத் தாள் என்ன சொல்கிறது?

கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் வெளியிடப்படும் அட்டவணையைப் பாக்ஸ் ஸ்கோர் என்பார்கள். இரு குழுக்களிலும் களமிறங்கிய ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி உண்டு. எத்தனை முறை கூடையை நோக்கி எறிந்தார், எத்தனை விழுந்தன, எத்தனை ஃப்ரீ த்ரோ கிடைத்தன, அவற்றில் எத்தனை விழுந்தன என்பவை அந்த வரியில் இருக்கும். குறி தவறி வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றினால் அது ரீபவுண்ட். ஒருவர் கொடுத்த பந்தைப் பெற்றவர் உடனே புள்ளி எடுத்தால், கொடுத்தவருக்கு ஓர் அசிஸ்ட். எதிராளியை விதிக்குப் புறம்பாகத் தடுத்தால் ஃபவுல். ஆறு ஃபவுல் ஆனவர் வெளியேற வேண்டும்.

1962-இல் மூன்று புள்ளிக் கோடு என்பிஏவில் இல்லை. அது 1979-80 பருவத்தில்தான் வந்தது. ஆகவே ஆட்டத்தின் போக்கில் விழும் ஒவ்வொரு பந்துக்கும் 2 புள்ளி, ஃப்ரீ த்ரோ ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. வாரியர்ஸ் குழுவினர் அன்று 115 முறை எறிந்து 63 முறை வெற்றி கண்டார்கள். 52 ஃப்ரீ த்ரோக்களில் 43 விழுந்தன. அறுபத்து மூன்றை இரண்டால் பெருக்கி நாற்பத்து மூன்றைக் கூட்டினால் 169. நிக்ஸ் குழுவினர் 118-இல் 57, ஃப்ரீ த்ரோ 41-இல் 33. இதையும் அவ்வாறே கூட்டினால் 147. சேம்பர்லினின் வரி: 63 எறிதல்களில் 36, ஃப்ரீ த்ரோ 32-இல் 28. கூட்டிப் பார்த்தால் 100. தனி ஆட்டக்காரர் வரிகளின் கூட்டல் குழுவின் மொத்தத்தோடு ஒரு புள்ளிகூடப் பிசகாமல் பொருந்துகிறது.

இந்தப் பொருத்தம் சாதாரணமானதன்று. அந்த ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவில்லை. அரங்கில் இருந்த பார்வையாளர்கள் 4,124 பேர் மட்டுமே. பில் கேம்பல் என்பவர் வானொலியில் வருணித்ததில் நான்காம் கால் பகுதியின் ஒலிப்பதிவு மட்டும் பிழைத்திருக்கிறது. மறு ஒலிபரப்பை நாடாவில் பதிவு செய்து வைத்தவர், அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி. அந்த ஒலிப்பதிவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2016-இல், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஆட்டத்தின் தொடக்கம் முதல் இறுதி வரை நமக்குச் சாட்சியாக நிற்பது இந்தக் கணக்குத் தாள்தான்.

அதற்குப் பின்னால் இருந்தவர் ஹார்வி போலாக். வாரியர்ஸ் குழுவின் விளம்பரப் பொறுப்பாளராகவும் புள்ளிவிவரக்காரராகவும் இருந்ததோடு, அன்றிரவு பத்திரிகைக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் செய்தி அனுப்பும் வேலையும் அவருடையதே. உடைமாற்றும் அறையில் சேம்பர்லின் "100" என்று எழுதிய ஒரு காகிதத்தைக் கையில் பிடித்தபடி இருக்கும் புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணை எழுதிக் கொடுத்தவரும் போலாக்தான். அந்தக் காகிதம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. அதே கைபட்ட மற்றொரு தாள், பதினேழு பெயர்கள் கொண்ட கணக்குத் தாள், அதில் பத்தில் ஒரு பங்கு கவனத்தைக்கூடப் பெறவில்லை.

மற்ற பதினாறு வரிகள்

சேம்பர்லினின் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றவற்றைப் படித்துப் பாருங்கள். வாரியர்ஸ் குழுவின் மற்ற எட்டுப் பேரும் சேர்ந்து 69 புள்ளிகள் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் எறிந்தது 52 முறை, விழுந்தது 27. பாதிக்கும் மேல். அல் அட்டில்ஸ் எட்டு முறை எறிந்தார், எட்டும் விழுந்தன. கிடைத்த ஒரே ஃப்ரீ த்ரோவும் விழுந்தது. ஓர் இரவு முழுவதும் ஒரு தவறும் செய்யாமல் 17 புள்ளிகள் எடுத்த ஆட்டக்காரரை இன்று நினைவில் வைத்திருப்பவர் யார்? பால் அரிசினும் டாம் மெஷெரியும் ஆளுக்கு 16 எடுத்தார்கள்.

கய் ராட்ஜர்ஸ் என்பவரின் வரியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அவர் கூடையை நோக்கி எறிந்ததே நான்கு முறைதான், ஒன்று விழுந்தது. ஃப்ரீ த்ரோ 9-ஐச் சேர்த்து 11 புள்ளி. ஆனால் அசிஸ்ட் 20! ஊர் கூடித் தேர் இழுத்தது என்பார்களே, அந்தத் தேரின் வடத்தை முன்னின்று பிடித்தவர் இவர். 100 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த 20 படுவதே இல்லை.

ஜோ ருக்லிக் என்ற மாற்று ஆட்டக்காரரின் வரி இதைவிடச் சுவையானது. எறிந்தது ஒன்று, விழவில்லை. ஃப்ரீ த்ரோ இரண்டு, இரண்டும் விழவில்லை. புள்ளி 0. ஆனால் அசிஸ்ட் 1. ஆட்டம் முடிய 46 வினாடிகள் இருந்தபோது சேம்பர்லின் நூறாவது புள்ளியை எட்டினாரே, அப்போது பந்தை அவரிடம் கொடுத்தவர் ருக்லிக். அந்த ஓர் அசிஸ்ட் அவர் பெயருக்கு நேராக இன்றும் இருக்கிறது. கணக்கு எழுதியவர் நாயகனின் வரியை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால், அந்த மனிதரின் பங்கு நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

தோற்ற குழுவையும் பாருங்கள். ரிச்சி கெரின் 39, கிளீவ்லாந்து பக்னர் 33, வில்லி நால்ஸ் 31. மூவரும் சேர்ந்து 103 புள்ளிகள். தோற்ற குழுவில் மூவர் முப்பதைத் தாண்டிய ஆட்டத்தை, எதிரணி கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆட்டம் என்று எப்படிச் சொல்வது?

தள்ளிவிடுகிறவர்களுக்கு

இனி, இது ஒரு சாதனையே அன்று என்பவர்களின் வாதத்துக்கு வருவோம். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. நிக்ஸ் அந்தப் பருவத்தில் 29 வெற்றி, 51 தோல்வி கண்ட குழு. அதன் வழக்கமான சென்டர் பில் ஜோர்டன் அன்று ஆடவில்லை. அவருக்குப் பதிலாக நின்ற டேரல் இம்ஹாஃப், 20 நிமிடம் ஆடுவதற்குள் ஆறு ஃபவுல் ஆகி வெளியேறினார். நான்காம் கால் பகுதியில் ஆட்டம் தன் இயல்பை இழந்ததும் உண்மை. நூறைத் தடுக்க நிக்ஸ் குழுவினர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். சேம்பர்லினிடம் பந்து போகாதபடி மற்ற வாரியர்ஸ் ஆட்டக்காரர்கள்மீது ஃபவுல் செய்தார்கள். பந்து விரைவில் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று வாரியர்ஸ் குழுவினரும் பதிலுக்கு ஃபவுல் செய்தார்கள்.

ஆனால் கால் பகுதிக் கணக்கு என்ன சொல்கிறது? சேம்பர்லின் முதல் கால் பகுதியில் 23, இரண்டில் 18, மூன்றில் 28, நான்கில் 31 புள்ளிகள் எடுத்தார். அதாவது ஆட்டம் இயல்பு கெடுவதற்கு முன்பே, முதல் மூன்று பகுதிகளில் அவர் கணக்கில் 69 ஏறிவிட்டன. இடைவேளையின்போது குழுக்களின் நிலை 79-68. பதினொரு புள்ளி வித்தியாசம் என்பது கூடைப்பந்தில் எந்த நேரத்திலும் கரைந்துவிடக்கூடியது. நாடகம் என்று சொல்வதானால் கடைசிப் பன்னிரண்டு நிமிடங்களைச் சொல்லலாம். முழு ஆட்டத்தையும் சொல்ல முடியாது.

கணக்குத் தாளில் உண்மையாகவே வியக்க வேண்டிய இடம் ஃப்ரீ த்ரோ. ஏழடி உயரம் கொண்ட சேம்பர்லின் அதில் பலவீனமானவர். அந்தப் பருவத்தில் இரு கைகளாலும் பந்தைத் தாழ்வாகப் பிடித்துக் கீழிருந்து மேலாக எறிந்துவந்தார். அப்படியும் பருவம் முழுவதற்குமான அவருடைய வெற்றி விகிதம் 61.3 விழுக்காடு. அந்த விகிதப்படி 32-இல் ஏறத்தாழ இருபது விழுந்திருக்க வேண்டும். விழுந்ததோ 28. அந்த எட்டுப் புள்ளிகள் இல்லாவிட்டால் இன்று நாம் 92 என்று சொல்லிக்கொண்டிருப்போம். அந்தப் புகைப்படமும் இருந்திருக்காது. நூறைத் தாண்ட வைத்தது அவருடைய உயரம் என்பவர்களுக்குத் தாள் வேறு பதில் சொல்கிறது. ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கும்போது உயரம் பெரிய உதவி செய்வதில்லை.

வியந்து போற்றுகிறவர்களுக்கு

மறு கட்சியினருக்கும் தாளில் பாடம் உண்டு. 1961-62 பருவத்தில் என்பிஏவில் இருந்தவை ஒன்பது குழுக்கள். ஆட்டத்தின் வேகம் இன்று நாம் காண்பதைவிட மிக அதிகம். ஒரு குழு ஓர் ஆட்டத்தில் சராசரியாக 107 முறைக்கு மேல் கூடையை நோக்கி எறிந்தது. அண்மைப் பருவங்களில் அது தொண்ணூறை ஒட்டியே இருந்துவருகிறது. வாய்ப்பு கூடினால் புள்ளியும் கூடும். அதோடு, ஓர் ஆட்டம் 48 நிமிடம் மட்டுமே என்றாலும் சேம்பர்லின் அந்தப் பருவத்தில் சராசரியாக 48.5 நிமிடம் ஆடினார். கூடுதல் நேர ஆட்டங்களைச் சேர்த்து வந்த கணக்கு இது. ஓய்வே இல்லாமல் ஆடியவர் என்பது பாராட்டுக்குரியது. ஆனால் இன்றைய ஆட்டக்காரரோடு ஒப்பிடும்போது அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2006-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் கோபி பிரயன்ட் டொராண்டோ குழுவுக்கு எதிராக எடுத்த 81-ஐ எடுத்துக்கொள்வோம். அவருடைய லேக்கர்ஸ் குழு அன்று எடுத்த மொத்தம் 122. அதில் அவருடைய பங்கு 66 விழுக்காடு. சேம்பர்லினின் பங்கு 169-இல் 100, அதாவது 59 விழுக்காடு. பிரயன்டின் 81-இல் 21 புள்ளிகள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து வந்தவை; சேம்பர்லின் காலத்தில் அந்தக் கோடே இல்லை. எது பெரிது? ஒரே சொல்லில் பதில் சொல்கிறவர் இரண்டு தாள்களையும் படிக்கவில்லை என்பேன்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்தப் பருவத்தில் 80 ஆட்டங்களில் 4,029 புள்ளிகள் எடுத்து, ஆட்டத்துக்குச் சராசரி 50.4 என்று முடித்தவர் சேம்பர்லின். ஆனால் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு சக ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்தது போஸ்டன் செல்டிக்ஸ் குழுவின் பில் ரசலை. ரசலின் சராசரி 18.9 மட்டுமே. செல்டிக்ஸ் 60 ஆட்டங்களில் வென்றது, வாரியர்ஸ் 49. பிறகு இரு குழுக்களும் மோதிய தொடரில், ஏழாவது ஆட்டத்தில் 109-107 என்று செல்டிக்ஸ் வென்றது. களத்தில் நேருக்கு நேர் நின்றவர்கள், புள்ளிக் கணக்கில் வராத ஏதோ ஒன்றை ரசலிடம் கண்டிருக்கிறார்கள்.

எண்ணப்படாதவை

அந்த "ஏதோ ஒன்று" என்ன? எதிராளி எறியும் பந்தை வழியிலேயே தட்டிவிடுதல், எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறித்தல் ஆகிய இரண்டும் ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடியவை. என்பிஏ அவற்றை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். ரசல் 1969-இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். சேம்பர்லினின் கடைசிப் பருவம் 1972-73. எறிந்த பந்தைத் தட்டிவிடுவதில் தம் காலத்து ஆட்டக்காரர்களை அச்சுறுத்திய இவ்விருவரின் பெயரிலும், அதிகாரபூர்வக் கணக்கில் அப்படித் தட்டிய பந்து ஒன்றுகூட இல்லை! அவர்கள் தட்டவில்லை என்பதா பொருள்? எண்ணுவதற்கு அன்று கட்டம் போடப்படவில்லை என்பதே பொருள்.

ஆகவே கணக்குத் தாளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. அதில் உள்ள எண்களை முழுமையாகப் படிக்க வேண்டும்; அதில் இல்லாதவை எவை என்றும் கேட்க வேண்டும். ஹெர்ஷி ஆட்டத்தின் தாள் புள்ளியைப் பற்றி நிறையச் சொல்கிறது. தற்காப்பைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. அந்த எல்லையை அறிந்து பேசினால் வாதம் நேர்மையாக இருக்கும்.

இப்படி நேர்மையாக வாதிடுவதற்கு நமக்கு இடம் கொடுத்திருப்பது, அன்றிரவு ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எல்லாருடைய கணக்கையும் எழுதி வைத்ததுதான். போலாக் 1946-இல் இந்தத் தொழில்முறை ஆட்டங்கள் தொடங்கியது முதல் 2015-இல் மறையும் வரை இப்பணியில் இருந்தார். அவர் வென்றவரின் கணக்கோடு தோற்றவரின் கணக்கையும் எழுதினார். நூறு எடுத்தவருக்குக் கொடுத்த அதே ஒரு வரியைப் புள்ளியே எடுக்காதவருக்கும் கொடுத்தார். அந்தச் சமநீதி எனக்கு அந்த நூறைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

பல்கலைக்கழக மாணவர்களாகிய நாமும் ஆண்டுதோறும் போட்டிகள் நடத்துகிறோம். விளையாட்டானாலும் சொற்போரானாலும், முடிவில் ஆண்டு மலரில் அச்சாவது பெரும்பாலும் வெற்றிபெற்ற குழுவின் பெயரும் சிறந்தவராகத் தேர்வானவரின் படமும்தான். யார் யார் களமிறங்கினார்கள், எந்தச் சுற்றில் என்ன புள்ளி, யார் கடைசி நேரத்தில் மாற்றாக வந்தார் என்பதை எழுதி வைக்க ஒரு பக்கம் போதும். கணக்கு எழுதும் வேலையை யாரும் விரும்பாத வேலையாகக் கடைசியில் ஒருவர் தலையில் கட்டாமல், பொறுப்புள்ள ஒருவரிடம் முதலிலேயே ஒப்படைக்கலாம். பல ஆண்டுகள் கழித்து நம்மைப் பற்றி யாரேனும் வாதிட நேர்ந்தால், அவர்கள் கையில் முழுத் தாள் இருக்கட்டும்.